மௌன அஞ்சலிக்குப் பிறகு?

ஆசிரியர் அவர்களுக்கு,

நவம்பர் 11 வந்தால் உலகின் பல தேவாலயங்களில் போரில் மாண்டவர்களுக்காக இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறார்கள். சரி, அது வேண்டியதுதான். ஆனால் தலைகுனிந்து நிற்பது எளிது. மாண்டவர்களின் துணிவில் நமக்கு என்ன பங்கு என்று கேட்டுக்கொள்வதுதான் கடினம்.

ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டரை எத்தனை சபைகளில் நினைக்கிறோம்? ஆஸ்திரிய விவசாயி, மூன்று சிறு பெண்களின் தகப்பன். ஹிட்லரின் போர் அநியாயமானது, அதில் ஆயுதம் ஏந்த மாட்டேன் என்றார். காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்யும் பணி என்றால் வருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை. குடும்பத்தை யோசி என்று அவருடைய கத்தோலிக்க ஆயரே புத்தி சொன்னார். 1943 ஆகஸ்ட் 9 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. 2007-இல் அதே திருச்சபை அவரை அருளாளராக, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலைக்கு, உயர்த்தியது.

என்னை உறுத்துவது அவருடைய மரணத்தைவிட, அவரைச் சுற்றியிருந்த நல்ல கிறிஸ்தவர்களின் மௌனம்தான். அவர்கள் ஜெபித்தார்கள், ஆராதனைக்குப் போனார்கள், அப்புறம் வம்பெதற்கு என்று இருந்துவிட்டார்கள். இன்று வெறுப்புப் பேச்சு காதில் விழும்போது, பக்கத்து வீட்டுக்காரர் மதத்தின் பேரால் ஒதுக்கப்படும்போது, நம்மில் பலரும் அப்படித்தானே இருக்கிறோம்?

இந்த ஆண்டு நினைவு ஆராதனைகளில், படைவீரர்களின் பெயர்களோடு இந்த விவசாயியின் பெயரையும் போதகர்கள் வாசிக்க வேண்டும். நம் மௌனத்தைப் பற்றியும் அதே பீடத்திலிருந்து பேச வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்