குட்ஃபெல்லோ புத்தகத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

அந்தக் கால அமெரிக்க அறுவை மருத்துவர் டாக்டர் ஜார்ஜ் குட்ஃபெல்லோவைப் பற்றிய என் சின்னப் புத்தகம் போன வாரம் அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பது எனக்கே உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் அரிசோனாவில் இருக்கும் மைத்துனருக்கு. குட்ஃபெல்லோ வைத்தியம் பார்த்த டூம்ஸ்டோன் ஊருக்கு என்னைக் காரில் கூட்டிப்போனவர், "துப்பாக்கிச் சண்டைக் காட்சி பார்க்கத்தானே மாப்ளே?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 1881 அக்டோபர் 26 அன்று அரை நிமிடம் நடந்த அந்தச் சண்டையை வைத்துத்தான் ஊரே இன்னும் பிழைக்கிறது. அதில் காயம்பட்ட வர்ஜில், மார்கன் எர்ப் சகோதரர்களுக்கு வைத்தியம் பார்த்தவரை யாரும் விசாரிப்பதில்லை. கிரிஸ்டல் பேலஸ் என்ற மதுக்கடைக்கு மேல்மாடியில்தான் அவருடைய அறை இருந்தது. தெருவில் நின்று நான் அந்த மாடியையே பார்த்துக்கொண்டிருக்க, மைத்துனர் வெயிலில் முகம் சுளிக்காமல் காத்திருந்தார்.

அப்புறம், சர்ஜன் அக்கா. "வயிற்றைத் திறந்து குண்டை எடுத்தார்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்திருந்தேன். சிவப்பு மையால் அடித்துவிட்டார். "குண்டு உள்ளேயே கிடந்தாலும் ஆள் பிழைக்கலாம்டா. குடலில் விழுந்த ஓட்டைதான் கொல்லும்." அந்த ஒரு திருத்தத்தால் ஒரு அத்தியாயமே மாறியது. 1881 ஜூலை 4 அன்று சுடப்பட்ட சுரங்கத் தொழிலாளியின் வயிற்றை ஒன்பது நாள் கழித்துத் திறந்து, உள்ளே கழுவி, ஓட்டைகளைத் தைத்தார் குட்ஃபெல்லோ. ஆள் பிழைத்துக்கொண்டார். அதே மாதம் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் காயத்திலோ பெரிய பெரிய டாக்டர்கள் கழுவாத விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். செப்டம்பரில் அவர் இறந்துபோனார்.

பட்டுத் துணியைக் குண்டு துளைப்பதில்லை என்று குட்ஃபெல்லோ 1887இல் எழுதிய கட்டுரையின் நகலை, முதல் தடவை மங்கலாக இருந்ததென்று இரண்டாம் தடவையும் எடுத்து அனுப்பிய நூலகருக்கு நன்றி. மார்பில் குண்டு பாய்ந்து செத்த ஒரு சூதாடியின் காயத்துக்குள் பட்டுக் கைக்குட்டை கிழியாமல் போயிருந்ததை குட்ஃபெல்லோ பார்த்த கதை அதிலிருந்துதான் வந்தது.

மெய்ப்புப் பார்த்த தம்பி, அரிசோனாவின் டூசான் நகரில் குட்ஃபெல்லோ செய்த புராஸ்டேட் அறுவைக்கு 1891க்குப் பதில் நான் 1881 என்று போட்டிருந்ததைக் கடைசி நிமிடத்தில் பிடித்தான். விட்டிருந்தால் மானம் போயிருக்கும்.

மைத்துனரே, உங்கள் பிரதி தபாலில் வருகிறது. அடுத்த தடவை அந்தச் சண்டைக் காட்சிக்கு டிக்கெட் என் செலவு.