அந்த எலிக்கு வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது?

நரம்பியல் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும் மதிப்புரையாளர்களுக்கும்,

வணக்கம்.

மறுபடியும் அதே முடிவோடு ஒரு கட்டுரை வந்திருக்கிறது. வலிப்பு வரவழைத்த எலிகளுக்கு மின் அக்குபங்சர் (ஊசி வழியே சிறு மின்னோட்டம்) கொடுத்தால், செல் சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 புரதம் கூடியதாம், சாவைத் தூண்டும் பாக்ஸும் காஸ்பேஸ்-3ம் குறைந்தனவாம், மூளையில் நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்புச் செல்கள் பிழைத்தனவாம். கட்டுரைக்குக் கட்டுரை ஊசி குத்தும் புள்ளிதான் மாறுகிறது: ஒன்றில் முழங்காலுக்குக் கீழே, இன்னொன்றில் உச்சந்தலையில். படங்கள் பளிச்சென்று இருக்கின்றன. இருக்க வேண்டிய ஓர் எண்ணை மட்டும் காணோம். ஒவ்வோர் எலிக்கும் வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது?

இது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அச்சேறிக்கொண்டே இருப்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது. வலிப்பை வரவழைக்கப் பைலோகார்பைனோ கைனிக் அமிலமோ செலுத்தினால் எல்லா எலிகளுக்கும் ஒரே அளவில் வலிப்பு வந்துவிடுவதில்லை. ஒன்று செத்துப்போகும், ஒன்றுக்குத் தொடர் வலிப்பே வராது, ஒன்று மணிக்கணக்கில் துடிக்கும். ஹிப்போகாம்பஸின் சிஏ1, சிஏ3, ஹைலஸ் பகுதிகளில் எவ்வளவு செல் சாகும் என்பது பெரும்பாலும் இந்த நேரத்தைப் பொறுத்தது. அதற்காகத்தான் குறித்த நேரத்தில் டயசெபம் என்ற வலிப்படக்கும் மருந்தைப் போட்டு வலிப்பை நிறுத்துகிறோம். அது எந்த நிமிடத்தில் போடப்பட்டது? போட்ட பிறகு மூளையின் மின் அலை அடங்கியதா? கைகால் துடிப்பு நின்ற பிறகும் மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். ரேசின் அளவுகோலை (உடல் துடிப்பைப் பார்த்து வலிப்பின் கடுமையைத் தரம் பிரிப்பது) வைத்துக் கண்ணால் மதிப்பெண் போடுகிறவருக்கு அது தெரியாது, மூளை மின் அலைப் பதிவு (இஇஜி) வேண்டும். ஒரு குழுவில் வலிப்பு 20 நிமிடம் முந்தி நின்றிருந்தால், செல்களைக் காப்பாற்றியது ஊசியா, கடிகாரமா? ஊசியே வலிப்பைச் சுருக்கியது என்று வைத்துக்கொண்டாலும் அது வலிப்படக்கும் விளைவுதான். செல்லைக் காத்தது என்பது வேறு கூற்று, அதற்கு வேறு சான்று வேண்டும்.

குத்தும்போது எலி அசையக் கூடாதென்று ஐசோபுளூரேன் என்ற மயக்க மருந்து கொடுக்கிறார்கள். ஊசி போடாத ஒப்பீட்டு எலிகளோ கூண்டிலேயே கிடக்கின்றன. மற்ற மருந்துகளுக்கு அடங்காத தொடர் வலிப்பை அடக்க மனிதருக்கே கொடுக்கப்படும் மயக்க மருந்து அது! மயக்காமல் கட்டிவைத்தால் மன அழுத்தம் குறுக்கே வரும். ஒப்பீட்டு எலிக்கும் அதே மயக்கம், அதே கட்டு, புள்ளியல்லாத இடத்தில் அதே ஆழம், அதே 2 ஹெர்ட்ஸ், அதே மின்னோட்டம், அதே 30 நிமிடம் வேண்டும். நரம்பை மின்சாரத்தால் தூண்டி வலிப்பைக் குறைக்கலாம் என்பதில் எங்களுக்கு வழக்கில்லை. கழுத்து வழியே செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவிக்கு 1997லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. அக்குபங்சர் புள்ளிக்கு அதில் பங்கு உண்டா என்பதுதான் கேள்வி.

புரதக் கணக்கு இன்னும் வேடிக்கை. முழு ஹிப்போகாம்பஸையும் அரைத்துவிட்டால், கூடிய பிசிஎல்-2 நரம்புச் செல்லுடையதா, செத்த இடத்தில் பெருகிய கிளையா (நரம்புச் செல்களைத் தாங்கும்) செல்லுடையதா என்று யார் சொல்வது? காஸ்பேஸ்-3 என்று புரதச் சோதனைப் படத்தில் இன்னும் வெட்டுப்படாத முழுநீளப் பட்டையைக் காட்டுகிறார்கள். செயல்படும் வடிவம் வெட்டுண்ட 17, 19 கிலோடால்டன் எடையுள்ள துண்டுகள், அவற்றைத்தான் காணோம். 5 எலிகளில் ஆளுக்கு 6 மூளை வெட்டு எடுத்து 30 என்று எண்ணிக்கை போடுகிறார்கள். எலிகள் ஐந்துதான். நரம்புச் செல் வளர்ச்சிக்கு உதவும் பிடிஎன்எஃப் புரதம் கூடினால் 'செல் காப்பு' என்கிறார்கள். அதே புரதம் செல்லிலுள்ள டிஆர்கேபி ஏற்பி வழியாக வலிப்பு நோயை வளர்க்கவும் செய்யும். குறைந்தால்? 'வலிப்பு அடங்கியதற்கு அடையாளம்.' எப்பக்கம் விழுந்தாலும் ஊசிக்கே வெற்றி. இப்படியொரு நாணயம் மருந்து ஆய்வாளர்களுக்குக் கிடைத்ததில்லை.

உங்கள் இதழில் வரும் ஆய்வுச் சுருக்கத்தின் கடைசி வரி நாளைக்கு ஒரு விளம்பரத்தின் முதல் வரியாகிறது. 'மூளைச் செல்லையே காக்கிறது, மாத்திரை எதற்கு?' 2014ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு (மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பினுடையது) 17 பரிசோதனைகளை, 1538 நோயாளிகளைப் பார்த்துவிட்டு, இருக்கிற சான்று அக்குபங்சரை வலிப்புக்குப் பரிந்துரைக்கப் போதாது என்றது. விளம்பரத்தில் அது வராது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்துகிறவருக்குத் தொடர் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். அவருக்கு டயசெபம் போட எவரும் கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்கப்போவதில்லை.

சொல் கடுமையாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது பெரிதல்ல. ஒரே ஓர் அட்டவணை, எலிக்கு ஒரு வரி. எடை, மருந்தளவு, வலிப்பு தொடங்கிய நேரம், டயசெபம் போட்ட நேரம், மூளை மின் அலை அடங்கிய நேரம், இடையில் செத்ததா, விலக்கப்பட்டதா, செல்களை எண்ணியவருக்கு எலி எந்தக் குழு என்பது மறைக்கப்பட்டதா. விலங்காய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் அரைவ் நெறிகள் 2010லேயே வந்து 2020இல் திருத்தப்பட்டும் விட்டன. உங்களில் பலர் அவற்றை ஏற்றதாக இதழிலேயே அறிவித்திருக்கிறீர்கள். வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது என்று சொல்லாத கட்டுரையை மதிப்புரைக்கு அனுப்புவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வலிப்பு ஆய்வுக்கூடங்களில் வேலை செய்யும் சிலர்