தண்ணீர் சுமந்தவர்களின் பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் அயலகத் தமிழர் பக்கத்தைத் தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் இருந்து கைபேசியில் தவறாமல் படித்து வருகிறேன். டர்பனுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் இது. இங்குள்ள தமிழர்களைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் காவடிப் படம்தான் வருகிறது. அதுவும் வேண்டியதுதான். ஆனால் போன மாதம் எங்கள் ஊர் ஹார்டுவேர் கடையில் நடந்த ஒரு பாராட்டு விழாவும் அந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்று நினைக்கிறேன். கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று முதலாளியே கேட்டுக்கொண்டார்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில், சித்திரை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது, இந்தப் பகுதியைப் பெருவெள்ளம் அடித்தது. டர்பனையும் சுற்றுப்புறங்களையும் சேர்த்து 400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். எங்கள் ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை ஆற்று வெள்ளம் நாசம் செய்துவிட்டது. அதன்பிறகு மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் கிடையாது. டேங்கர் லாரி தெருமுனைக்கு வரும், ஆனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் 20 லிட்டர் கேனை மேட்டுத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போக எழுபது வயதுக்காரர்களால் முடியுமா? எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படிப்பட்டவர்கள்தான். பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கிறார்கள்.

அந்த மாதங்களில் கடை முதலாளி ஒன்றைக் கவனித்திருக்கிறார். நாலைந்து பேர் மட்டும் வாராவாரம் வந்து டிரம், கேன், ரப்பர் குழாய், குழாய் மூட்டு என்று வாங்கிப் போனார்களாம். ஒரு வீட்டுக்கு இத்தனை டிரம் எதற்கு என்று ஒருவரைக் கேட்டபோதுதான், அவை அவர் வீட்டுக்கே இல்லை என்பது தெரிந்தது. கையில் காசு இல்லாமல் கடன் சொல்லி, அடுத்தவர் வீட்டுக்கு டிரம் வாங்கியிருக்கிறார். பென்ஷன் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியிருக்கிறார். எந்தச் சங்கத்தின் பதிவேட்டிலும் இல்லாத இந்த விஷயம் கடையின் கடன் நோட்டில் இருந்தது. இதை அவர் என்னிடம் சொன்ன நாளிலிருந்து எனக்கு மனதை விட்டு அகலவில்லை.

2024 ஜூன் 3 மாலை சுழற்காற்று வந்து எங்கள் ஊரில் கூரைகளைப் பிய்த்துப் போட்டது. குளிர்காலம் வேறு. மறுநாள் தார்ப்பாயும் ஆணியும் வாங்க வந்தவர்களிலும் அதே முகங்கள் இருந்தனவாம்.

ஜூலை 18 இங்கே மண்டேலா நாள். அவர் 67 ஆண்டுகள் பொதுவாழ்வில் உழைத்ததை நினைத்து, ஒவ்வொருவரும் 67 நிமிடமாவது பிறருக்காகச் செலவிடுவது வழக்கம். கம்பெனிகள் ஒரே நிற பனியன் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிக்கும், படம் எடுக்கும். அதைக் குறை சொல்லவில்லை. எங்கள் முதலாளி இந்த வருடம் வேறு மாதிரி யோசித்தார். ஜூன் மாதமே பில் போடும் மேசையில் ஒரு நோட்டை வைத்து, மேலே இங்கிலீஷிலும் இங்குள்ள ஜூலு மொழியிலும் இரண்டு கேள்விகள் எழுதினார்: உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது யார்? உங்கள் கூரைமேல் ஏறித் தார்ப்பாய் கட்டியது யார்?

கொடுத்தவர்களை விட்டுவிட்டு வாங்கிக்கொண்டவர்களைக் கேட்டாரே, அதுதான் இதில் பெரிய விஷயம். சங்கத் தலைவர்களைக் கேட்டிருந்தால் அவர்களுக்குத் தெரிந்த பெயர்கள்தான் வந்திருக்கும். இந்த நோட்டிலோ பாதி இடத்தில் பெயரே இல்லை. ‘நீல பக்கி அங்கிள்’ என்று ஏழு பேர் எழுதியிருந்தார்கள். பக்கி என்றால் இங்கே பின்புறம் சாமான் ஏற்றும் சின்ன வண்டி. ‘சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியில் கேன் வைத்துத் தள்ளி வந்த அண்ணன் தம்பி’ என்று மூன்று பேர். ‘காற்றடித்த மறுநாள் புட்டுவும் பீன்ஸும் ஆக்கிப் போட்ட மாமா’ என்று பலர். நம் தாய்மாமன் இல்லை, ஜூலு மொழியில் மாமா என்றால் அம்மா. புட்டுவும் நம் புட்டு இல்லை, சோள மாவில் உதிரியாகக் கிண்டுவது. அந்த அம்மாவின் கூரையும்தான் அன்று போயிருந்தது. கடையில் பில் போடும் பெண் மூன்று வாரம் தெருத் தெருவாக விசாரித்துப் பதினொரு பேரைக் கண்டுபிடித்தாள். அவளையும் பன்னிரண்டாவதாகச் சேர்த்திருக்க வேண்டும்.

விழா கடைக்குள்ளேயே நடந்தது. பெயின்ட் டப்பாக்களை ஒதுக்கிவிட்டு நாற்காலி போட்டார்கள். சால்வை இல்லை, கேடயம் இல்லை. ஒவ்வொருவர் பெயரிலும் கடையில் ஒரு கணக்குத் திறந்து 5000 ராண்டு வரவு வைத்தார்கள். அடுத்த தடவை ஊருக்கு ஒன்று என்றால் டிரம்மோ கயிறோ கேஸோ அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். எத்தனையோ பாராட்டு விழாக்களுக்குப் போயிருக்கிறேன். பாராட்டு வாங்கியவர் மறுநாள் மறுபடியும் தன் பென்ஷனில்தான் பெட்ரோல் போட வேண்டும். இங்கே அந்தச் சுமையில் கொஞ்சம் இறங்கியது.

நீல பக்கி அங்கிள் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 71. அவரிடம் முதலாளி ஓர் உறை கொடுத்தார். உள்ளே 2022இல் அவர் கடனுக்கு வாங்கிய டிரம்களின் பழைய பில், அதற்கு அவர் கட்டிய முழுப் பணமும். பெரியவர் பில்லை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பணத்தை நீட்டினார். முதலாளி வாங்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன், முதலாளியிடமும் சொன்னேன். விழாவை மாலை ஆறு மணிக்கு வைத்திருக்கக் கூடாது. ஜூலையில் அந்நேரம் நன்றாக இருட்டிவிடும், மேட்டுப் பக்கம் டாக்ஸி கிடைக்காது. சமைத்துப் போட்ட அந்த அம்மா தன் பெயரைக் கூப்பிடும் முன்பே கிளம்ப வேண்டியதாகிவிட்டது. கைதட்டல் அவர் காதில் விழவில்லை. அடுத்த வருடம் மத்தியானத்தில் வைப்பதாக முதலாளி சொல்லியிருக்கிறார்.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. நான் பிறந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் ஏரல். கல்யாணமாகி இங்கே வந்து, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி ஏரல் தனித்தீவாக நின்றபோது, என் அக்கா இரண்டு ராத்திரி மொட்டை மாடியில் இருந்தாள். பால் பாக்கெட்டும் பிரெட்டும் கொண்டுவந்து தந்தது யார் என்று கேட்டால், “யாரோ ஒரு தம்பி, கழுத்தளவு தண்ணியில வந்தான்” என்கிறாள். அந்தத் தம்பி இன்றைக்கும் ஏரல் கடைத்தெருவில்தான் எங்கேயோ வேலை பார்த்துக்கொண்டிருப்பான். நம் ஊர்க் கடைக்காரர்கள் யாராவது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைக்கக் கூடாதா? நாற்பது பக்க நோட்டு போதும். என் அக்கா வந்து முதல் வரி எழுதுவாள்.

எங்கள் கடை நோட்டில் இருந்த பதினொரு பெயர்களையும் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இடம் இருந்தால் பிரசுரியுங்கள். அவற்றில் நான்கு ஜூலு பெயர்கள். தமிழில் எப்படி எழுத வேண்டும் என்று பெயருக்கு உரியவர்களிடமே சொல்லச் சொல்லிக் கேட்டு, பக்கத்தில் குறித்திருக்கிறேன். அச்சில் பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியை,
டோங்காட், தென்னாப்பிரிக்கா