ஆக்ரா போறவங்க சீனி கா ரௌசாவையும் பாத்துட்டு வாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புல வந்த ஆக்ரா சுற்றுலா கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா தாஜ்மஹால், கோட்டை, ஃபதேபூர் சிக்ரியோட முடிச்சிட்டாங்க, யமுனைக்கு அந்தாண்ட கரையில இருக்கற சீனி கா ரௌசாங்கற டைல்ஸ் ஒட்டின பழைய சமாதிய பத்தி ஒரு வரி கூட இல்ல. மனசு கேக்கல, அதான் எழுதறேன். நான் மதுரையில டைல்ஸ் ஒட்டற வேலை பாக்கறவன், வீட்டோட ஆக்ரா போனப்ப இதையும் பாத்தேன், என் தொழில்ல இருக்கறவங்க ஒவ்வொருத்தரும் ஒரு தடவையாவது பாக்க வேண்டிய எடம் அது.

யாரோட சமாதின்னா, ஷாஜஹான்கிட்ட பிரதம மந்திரியா இருந்த அஃப்சல் கானோடது. அவரு இரான்ல ஷிராஸ் ஊர்க்காரர், பெரிய படிப்பாளி, கவிஞரும் கூட. உயிரோட இருக்கும்போதே தனக்கு இந்த சமாதிய கட்டிக்கிட்டாரு, 1639-ல லாகூர்ல இறந்து போக, உடம்ப ஆக்ராவுக்கு கொண்டாந்து இங்க அடக்கம் பண்ணாங்க. பக்கத்துலயே அவரு மனைவியோட கல்லறையும் இருக்கு. இதே மனுஷனோட கூடப்பொறந்தவர்தான் அமானத் கான், தாஜ்மஹால் வாசல்ல வெள்ளை மார்பிள்ல கறுப்பு கல்லு பதிச்ச எழுத்து இருக்கே, மேல போகப் போக எழுத்த பெருசாக்கி, கீழேர்ந்து பாக்கறவனுக்கு எல்லாம் ஒரே சைஸா தெரியற மாதிரி, அத எழுதினவரு. ஆக்ரா பக்கத்துல சிக்கந்தராவுல அக்பர் சமாதி வாசல்ல இருக்கற எழுத்தும் அவரோடதுதான். அமானத் கான் கையெழுத்த பாக்க தெனமும் ஆயிரக்கணக்குல கூட்டம் வருது, ஆத்துக்கு இந்தப்பக்கம் அஃப்சல் கான் சமாதியில நாங்க போனப்ப எங்கள தவிர யாருமே இல்ல.

கட்டடம் செங்கல் கட்டு, மேல உருண்டையா ஒரு பெரிய கும்மட்டம், நாலு பக்கமும் நடுவுல இரானிய பாணியில உசரமான வளைவு. இதுல விசேஷம் என்னன்னா வெளிச்சுவரு பூராவும் டைல்ஸ், அதுவும் நாம இப்ப ஒட்டற மாதிரி சதுரமா இருக்கற டைல்ஸ் இல்ல. ஒவ்வொரு இதழும் தனி துண்டு, இலை தனி, காம்பு தனி, சுத்தி இருக்கற பின்னணி கலர் தனி, எல்லாத்தையும் தனித்தனியா வெட்டி பூச்சு மேல பக்கத்துல பக்கத்துல வெச்சு பதிச்சிருக்காங்க. நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளைன்னு அத்தனை கலர். நான் கிட்ட போயி ரொம்ப நேரம் ஜாயிண்ட்ட தான் பாத்துட்டு இருந்தேன். இன்னிக்கு மிஷின் கட்டர், ஸ்பேசர், ரெடிமேட் பசை எல்லாம் வெச்சுக்கிட்டே நேர்கோட்டு ஜாயிண்ட் பிசகுது, அவங்க வளைஞ்ச இதழ வளைஞ்ச பள்ளத்துல உக்கார வெச்சிருக்காங்க, இடைவெளின்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல, கிட்டத்தட்ட நானூறு வருஷம் வெயில்லயும் மழையிலயும் நின்ன பிறகும் மிச்சம் இருக்கற எடத்துல கலர் மங்கவே இல்ல. என் பையன் இது பெயிண்ட்டாப்பான்னு கேட்டான்.

உள்ள எட்டு பக்கம் உள்ள ஒரு கூடம். மேல அண்ணாந்து பாத்தா குட்டி குட்டி குழிவா அடுக்கடுக்கா எறங்கி வர்ற வேலைப்பாடு, அது மேல பூவும் கொடியுமா வரைஞ்சிருக்கு, நெறைய அழிஞ்சு போச்சு, ஆனா கண்ணு இருட்டுக்கு பழகினதும் ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிக்குது. அவசரப்பட்டு வெளிய வந்துடாதீங்க.

சோகம் என்னன்னா டைல்ஸ் பெரும்பகுதி போயிடுச்சு. வெறும் பூச்சும் செங்கலுமா நிக்குது, அங்கங்க திட்டு திட்டா தான் டைல்ஸ் மிச்சம். ஏன் விழுதுன்னு தொழில் தெரிஞ்சவங்களுக்கு புரியும். இரான் மாதிரி காஞ்ச ஊருல இந்த வேலை தாங்கும், இங்க ஆத்தங்கரை, வருஷா வருஷம் மழை, செங்கல் ஈரத்த உறிஞ்சும், உப்பு பூக்கும், பூச்சு செங்கல விட்டு வெலகும், ஒரு துண்டு விழுந்தா அந்த ஓட்டை வழியா தண்ணி எறங்கி பக்கத்து துண்டையும் தள்ளும். ஆக்ராவுல முழுக்க டைல்ஸ் போட்ட கட்டடம் ரொம்ப அபூர்வம், அதே காலத்து வேலைய பாக்கணும்னா லாகூர் வசீர் கான் மசூதிக்குத்தான் போகணும், நாம அங்க எங்க போறது. அதனாலதான் இருக்கறத காப்பாத்தணும்னு இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

முடியாத காரியம் இல்ல. டெல்லி ஹுமாயூன் சமாதியில மேல இருக்கற சின்ன மண்டபங்களோட டைல்ஸ் வேலைய ஆகா கான் கலாச்சார அறக்கட்டளை எடுத்து செஞ்சாங்க, உஸ்பெகிஸ்தான்லேர்ந்து கைவேலைக்காரங்கள வரவழைச்சு, நிஜாமுதீன் பகுதி பசங்களுக்கு அந்த வேலைய கத்துக்குடுத்து, புது டைல்ஸ இங்கயே செஞ்சு ஒட்டினாங்க. பழைய டைல்ஸ் பளபளப்பு போயிருந்தாலும் அத பேக்கல, இல்லாத எடத்துல மட்டும் புதுசு. எனக்கு இது ரொம்ப சரின்னு படுது, பழசு பழசாவே இருக்கணும். சீனி கா ரௌசாவுக்கு டிசைன் கெடைக்காதுன்னும் சொல்ல முடியாது, தொல்லியல் துறையில இருந்த எட்மண்ட் ஸ்மித் 1901-லயே ஆக்ரா கட்டடங்களோட வண்ண வேலைப்பாட்ட படமா வரைஞ்சு புத்தகமா போட்டாரு, அதுல இதுவும் இருக்கு. முழுசா புதுப்பிக்க வேண்டாம், முதல்ல தொங்கிட்டு இருக்கற ஓரங்கள சுண்ணாம்பு கலவை வெச்சு கெட்டியாக்கினாலே அடுத்த மழைக்கு அது நிக்கும். சிமெண்ட் மட்டும் வேண்டவே வேண்டாம், அது ஈரத்த உள்ளயே பூட்டி வெச்சு மிச்சத்தையும் தள்ளிடும்.

போகணும்னு நெனைக்கறவங்களுக்கு: சென்னையிலேர்ந்து ஜிடி எக்ஸ்பிரஸ், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ரெண்டும் ஆக்ரா கன்ட்டோன்மென்ட்ல நிக்கும். ஆத்த தாண்டி இத்மத் உத் தௌலா சமாதிக்கு நெறைய பேரு போவாங்க, நூர்ஜஹான் தன் அப்பாவுக்கு 1620-கள்ல கட்டினது, அங்கேர்ந்து வடக்க சுமார் ஒரு கிலோமீட்டர்தான் சீனி கா ரௌசா, இன்னும் கொஞ்சம் போனா பாபர் போட்ட ராம் பாக் தோட்டம். அரை நாள்ல மூணையும் நிதானமா பாத்துடலாம். டூர் கூட்டிட்டு போற ஆளுங்க நேரம் இல்லம்பாங்க, எங்களுக்கும் அதான் சொன்னாங்க, நீங்க கேட்டு வாங்குங்க. பிள்ளைங்கள கிட்ட கூட்டிட்டு போயி காமிங்க, ஆனா சுவத்துல கை வைக்க விடாதீங்க, லேசா தட்டினாலே விழற நெலைமையில சில துண்டு இருக்கு.

அடுத்த தடவ ஆக்ரா பத்தி போடும்போது இதுக்குன்னு அரை பக்கம் ஒதுக்கி, மிச்சம் இருக்கற டைல்ஸ கிட்டத்துலேர்ந்து கலர் போட்டோவா எடுத்து போடுங்கன்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
டைல்ஸ் மேஸ்திரி, மதுரை