ஆய்வக அலமாரியை யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் 2 செய்முறைத் தேர்வு ஏற்பாடுகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். புறத்தேர்வாளர் நியமனம், மதிப்பெண் பதிவேற்றம் எல்லாம் விரிவாக இருந்தன. ஆய்வகப் பாதுகாப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை. அரசுப் பள்ளிகளில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் மாணவர்களுக்குத்தான் புத்தி சொல்கிறோம். துப்பட்டாவைச் செருகிக்கொள், சோதனைக்குழாயின் வாயைப் பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கு நேரே பிடிக்காதே, திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட் குழாயை வாயால் உறிஞ்சாதே. எல்லாம் சரிதான். ஆனால் பிப்பெட்டுக்கு ரப்பர் பல்பு வாங்கித் தராமல் அந்தக் கடைசி அறிவுரையைச் சொல்லி என்ன பயன்? ஆக்சாலிக் அமிலம் நச்சு என்று தெரிந்தே பிள்ளைகளை வாயால் உறிஞ்ச விடும் பள்ளிகள் இருக்கின்றன.

பெரிய ஆபத்து, மாணவர் உள்ளே வருவதற்கு முன்பே பின்னறை அலமாரியில் காத்திருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அம்மோனியாவும் ஒரே தட்டில் அடுத்தடுத்து நிற்கும். இரண்டின் ஆவியும் கலந்து, மூடிகள் மேலும் பலகை மேலும் வெள்ளைப் பொடியாகப் படிந்திருக்கும். அமில ஆவி பட்டு லேபிள் பழுப்பேறி உதிர்ந்து, '...ரிக் அமிலம்' என்ற பகுதி மட்டும் மிஞ்சியிருக்கும். நைட்ரிக்கா, சல்ப்யூரிக்கா, ஹைட்ரோகுளோரிக்கா? திறந்து பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். சோடியம் ஜாடியில் மண்ணெண்ணெய் வற்றி, உலோகத் துண்டுகள் வெளியே தெரியும். தண்ணீர் பட்டாலே பற்றிக்கொள்ளக்கூடிய பொருள் அது. மழைக்காலத்தில் ஒழுகும் அறையிலும் அதை வைத்திருக்கிறார்கள்.

இதை ஏன் அப்புறப்படுத்துவதில்லை என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்ட பொருளை ஆசிரியர் தன் விருப்பத்துக்குக் கழித்துவிட முடியாது. தணிக்கையில் கேள்வி வரும். அனுமதி வாங்கினாலும் எங்கே கொண்டுபோய்ப் போடுவது? கழிவுத்தொட்டியில் ஊற்றினால் ஆபத்து, பள்ளிக்குப் பின்னால் புதைத்தால் நிலத்தடி நீருக்குக் கேடு. அதனால் ஒவ்வொரு ஆசிரியரும் அடுத்து வருபவரிடம் சாவியோடு அந்தப் பாட்டில்களையும் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். யாரையும் குறை சொல்லவில்லை, வழி இல்லாததுதான் காரணம்.

இந்த அலமாரியைத் தினமும் கையாள்பவர் ஆய்வக உதவியாளர். அடர் கந்தக (சல்ப்யூரிக்) அமிலத்தை நீர்க்கச் செய்து வைப்பதும் பெரும்பாலும் அவர்தான். அமிலத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் தெறிக்கும். அந்தப் பணிக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. முன்பு இருந்தவர் செய்ததைப் பார்த்துத்தான் பலரும் கற்றுக்கொள்கிறார்கள். பணியிடம் காலியாக இருக்கும் பள்ளிகளில் வேறு வேலைக்கு வந்தவர்கள் அமிலப் பாட்டிலைத் தூக்குகிறார்கள்.

அப்புறம், ஆசிரியரின் உடல்நலம். ஒரு மாணவர், கொடுத்த உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டறியும் உப்புப் பகுப்பாய்வை முடித்துவிட்டு வெளியே போய்விடுவார். ஆசிரியரும் உதவியாளரும் அடுத்தடுத்த பிரிவுகளுக்காக நாள் முழுக்க அங்கேயே நிற்கிறார்கள். நைட்ரேட் சோதனையில் எழும் செம்பழுப்பு வாயு நுரையீரலைப் பாதிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு அதைவிட மோசம். அழுகிய முட்டை நாற்றத்தை வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்போம், ஆனால் அளவு கூடினால் அந்த நாற்றத்தை உணரும் திறனே மழுங்கிவிடும். துருப்பிடித்து நின்றுபோன எக்ஸாஸ்ட் ஃபேனை மாற்ற எவ்வளவு செலவாகிவிடும்?

சுற்றறிக்கை அனுப்பிவிட்டால் போதும் என்று அதிகாரிகள் நினைக்கக்கூடாது. தீயில் மெத்தனால் ஊற்றிப் பல நிறங்களைக் காட்டும் செயல்விளக்கம் ஆபத்தானது என்று அமெரிக்காவின் வேதிப்பொருள் பாதுகாப்பு வாரியம் 2013 டிசம்பரில் காணொளியே வெளியிட்டது. அடுத்த மாதமே, 2014 ஜனவரியில், நியூயார்க் நகரப் பள்ளி ஒன்றில் அதே செயல்விளக்கத்தில் மாணவர்கள் தீக்காயமடைந்தார்கள். ஆய்வகத்தில் நிற்பவரிடம் போய்ச் சேராத எச்சரிக்கையால் பயனில்லை.

பள்ளிக்கல்வித் துறையிடம் நான் கேட்பது பெரிய தொகை அல்ல. பழைய வேதிப்பொருள்களைப் பதிவேட்டிலிருந்து கழிக்க எளிய நடைமுறை வேண்டும். மாவட்டந்தோறும் ஆண்டுக்கு ஒருமுறை வண்டி அனுப்பி, அபாயகரக் கழிவுகளைக் கையாள உரிமம் பெற்றவர்களிடம் அவற்றைச் சேர்க்க வேண்டும். ஆய்வக உதவியாளர்களுக்கு மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களிலேயே செய்முறைப் பயிற்சி கொடுக்கலாம், அந்த நாளைப் பணி நாளாகக் கணக்கிட வேண்டும். பிள்ளைகளுக்குக் கண் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். கண்ணில் அமிலம் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். ஆகவே குழாயில் தண்ணீர் வராத ஆய்வகத்தில், அது வரும்வரை செய்முறைத் தேர்வு நடத்தக்கூடாது என்று துறையே உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் (வேதியியல்),
தஞ்சாவூர் மாவட்டம்.