மணலில் விழுந்த பனி

சுங்கை சிப்புட்,
பிப்ரவரி 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். அண்ணன் வீட்டிலும் எல்லாரும் சௌக்கியம். அமெரிக்காவிலிருந்து நீ அனுப்பிய பனிப் படங்கள் வந்து சேர்ந்தன. கோயில், பசார், கிளினிக் என்று போகிற இடமெல்லாம் அம்மா அவற்றைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டு ஆயா கண்ணாடியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "யாருடி இவ்ளோ அரிசிமாவைக் கொட்டினது?" என்று கேட்டார். பனி என்று சொன்னதும், "புள்ளைக்குக் கம்பளி இருக்கா?" என்றுதான் அடுத்த கேள்வி.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து நீ "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போவாய். கடிதமென்றால் வைத்துப் படிப்பாய்.

உங்கள் பக்கத்துச் செய்தியை நானும் விடாமல் பார்த்தேன். ஜனவரியிலும் பகலில் சராசரியாக 15, 16 டிகிரி இருக்கும் ஊர் என்றுதானே புளோரிடாவில் நீ இருக்கும் பென்சகோலாவைப் பற்றிச் சொல்லியிருந்தாய்? அங்கே ஜனவரி 21-ஆம் தேதி இப்படிக் கொட்டியிருக்கிறது. உன் பக்கத்து ஊர் மில்டனில் 9.8 அங்குலமாம். அதற்கு முன் புளோரிடா மாநிலத்தின் சாதனையே 4 அங்குலம்தான். அதுவும் 1954-இல், அதே மில்டனில். நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில் 8 அங்குலம். லூசியானாவில் லேக் சார்ல்ஸ் வானிலை அலுவலகம் தன் வரலாற்றிலேயே முதல் தடவையாகப் பனிப்புயல் எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. குளிர் மட்டும் இருந்தால் பனி விழாது, ஈரம் மட்டும் இருந்தால் மழையோடு போய்விடும். வடதுருவத்துக் குளிர்காற்று கீழே அவ்வளவு தூரம் இறங்கி வந்த அதே நேரத்தில், வளைகுடாக் கடல்மேல் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சேர்வதுதான் அங்கே அபூர்வம். நம் நாட்டில் கேமரன் மலையில் 1978-இல் 7.8 டிகிரி வரை இறங்கியதுதான் பதிவான மிகக் குறைந்த குளிர். பனி பார்க்க வேண்டுமானால் நாம் கெந்திங்குக்குப் போய்க் காசு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, படத்துக்கு வருகிறேன். அப்பா போட்டோக் கடைக்காரன், புகழ்ந்துவிட்டு மட்டும் போக மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

முதலில், பனி ஏன் சாம்பலாக இருக்கிறது? நீ முற்றத்தில் எடுத்தவை எல்லாமே ஈயம் பூசியதுபோல மங்கி, கொஞ்சம் நீலம் பாய்ந்து இருக்கின்றன. தப்பு உன்னுடையதல்ல, கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருடையது. தான் பார்ப்பது வெள்ளையா கறுப்பா என்று எந்த மீட்டருக்கும் தெரியாது. எதைக் காட்டினாலும், விழுந்த வெளிச்சத்தில் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் நடுச்சாம்பல் பொருள் என்றுதான் அது கணக்குப் போடும். புதிதாக விழுந்த பனியோ 80, 90 விழுக்காட்டைத் திருப்பி அடிக்கும். 'அடேயப்பா, இவ்வளவு வெளிச்சமா' என்று கேமரா பயந்துபோய் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் மூடிவிடும் (ஒரு ஸ்டாப் மூடினால் வெளிச்சம் பாதியாகும்). பனி சாம்பலாகிவிடும், அதன் முன்னால் நிற்கும் நம் நிறத்து ஆள் கரிக்கட்டையாகிவிடுவார். உன்னோடு வேலை பார்க்கும் அந்தப் பெண்ணும் நீயும் சேர்ந்து நிற்கிற படத்தில், அவளுக்கு மூக்கும் முழியும் தெரிகிறது, உனக்குப் பல் மட்டும் தெரிகிறது. அம்மா இதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறாள்.

இது நம் குடும்பத்துக்குப் பழைய சங்கதி. 1948-இல் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் பிறப்பித்தபோது 12 வயதைத் தொட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை கட்டாயமானது. நம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுடப்பட்டதுதானே அந்த அவசரகாலத்துக்குப் பொறி. தாத்தா சைக்கிளில் கேமராப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். தொழிலாளர் லயத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு, ரப்பர் மரத்தில் பால்வெட்டிவிட்டு வரும் சனங்களை வரிசையாக உட்கார வைப்பார். பளீரென்ற வேட்டி, வெயிலில் கறுத்த முகம். மீட்டர் என்ற சாமானே அவரிடம் கிடையாது. வேட்டி கெட்டால் கெடட்டும், முகம் தெரியவேண்டும் என்று திறந்துவிடுவார். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகள் அந்த அட்டைகளைப் பிடுங்கிக் கொளுத்தியதும், தாத்தா திரும்பப் போய் எடுத்ததும் வேறு கதை.

என் காலத்தில் மீட்டர் வந்துவிட்டது, கூடவே தொல்லையும் வந்தது. தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையில் மத்தியானம் படமெடுப்பேன். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் வாளி நிறையப் பால், கணக்கெழுதும் கிராணி புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். கையில் காய்ந்த பாலை உரித்துக்கொண்டே பெண்கள் வரிசையில் நிற்பார்கள். கூரையின் நிழலுக்குள் வாளிப்பால் மட்டும் கண்ணைப் பறிக்கும். அங்கேதான் உள்ளங்கை வித்தை கை கொடுத்தது. உனக்குச் சின்ன வயதில் காட்டியிருக்கிறேன்: ஆள் நிற்கும் அதே வெளிச்சத்தில் உன் உள்ளங்கையை நீட்டு, கேமராவை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் அளவெடு, அதைவிட ஒரு ஸ்டாப் கூடத் திற. மேல்தோல் எந்த நிறமானாலும் உள்ளங்கை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுச்சாம்பலைவிட ஒரு ஸ்டாப் வெளுப்பு. முகமும் சரியாக வரும், பாலும் பாலாக இருக்கும். ஐபோனில் எடுக்கும்போது முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடி. பூட்டியதும் பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் வரும், அதை மேலே தள்ளு. பனி வெளுத்து, ஆனால் அதன் மேடு பள்ளம் மறைந்துவிடாத இடத்தில் நிறுத்து.

இதில் ஒன்று எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது. கோடாக் ஃபிலிமோடு வரும் அட்டவணையில் 'வெளிறிய மணல் அல்லது பனி, நல்ல வெயில்' என்று முதல் வரி இருக்கும். சாதாரண வெயிலுக்கு எஃப்/11 என்றால், அதே ஷட்டர் வேகத்தில் பனிக்கு எஃப்/16; எண் கூடினால் லென்ஸ் வாய் சிறுக்கும். அதாவது ஒரு ஸ்டாப் மூடு! பிறகு பனிக்குத் திறக்கச் சொல்கிறார்களே, எது சரி? இரண்டும் சரி. பனி கீழிருந்தும் வெளிச்சத்தைத் தூக்கி வீசுவதால் உண்மையிலேயே ஒரு ஸ்டாப் அளவு வெளிச்சம் அதிகம். மீட்டரோ ஒரு ஸ்டாப்போடு நிற்காமல் இரண்டுக்கு மேல் மூடிவிடுகிறது. அதிகமாக மூடியதை மட்டும் நாம் திருப்பித் திறக்கிறோம். ஒன்று, ஒன்றரை ஸ்டாப் போதும். பனி என்ற அந்த வரியை இத்தனை வருடம் ஒரு பயனும் இல்லாமல் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது அதை உபயோகிக்க வீட்டில் ஓர் ஆள் கிடைத்திருக்கிறது.

ராத்திரி தெருவிளக்கில் எடுத்தவற்றை அழித்துவிடு. ஃப்ளாஷ் போட்டிருக்கிறாய். லென்ஸுக்கு முன்னால் ஒரு முழத்தில் விழும் துகள்தான் அந்த வெளிச்சத்தை முழுக்க வாங்கிக்கொள்ளும். அதுவும் ஃபோகஸ் இல்லாமல் பெரிய வெள்ளை வட்டமாக நிற்கும். விழும் பனி தெரியவேண்டுமானால் பின்னால் கறுப்பாக ஏதாவது வேண்டும்: பைன் மரமோ, ஈரச் சுவரோ, திறந்த கராஜின் உள்ளிருட்டோ. வெள்ளை வானத்துக்கு எதிரில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. இது மழைக்கும் உள்ள விதிதான்; மழையை எடுத்துப் பழகின ஊர்க்காரி நீ. ஒரே வித்தியாசம், பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வரை இறங்கும், பனித்துகள் 1 மீட்டரைச் சுற்றித்தான் மிதந்து வரும். ஷட்டரை 1/500 நொடியில் வைத்தால் பொட்டுப் பொட்டாக நிற்கும். 1/30-இல் வைத்தால் மூன்று சென்டிமீட்டர் கோடாக இழுக்கும். எனக்குக் கோடுதான் பிடிக்கும், விழுவது தெரிகிறது பார்.

உன் கறுப்பு ஜாக்கெட் கையில் ஒற்றைத் துகளை எடுத்தாயே, அது எனக்குப் பிடித்தது. ஆறு கை, ஒன்று மட்டும் நுனியில் உடைந்து, கீழே துணியின் நூல் ஒவ்வொன்றும் தெரிகிறது. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி, ஜெரிக்கோ என்ற கிராமத்துக்காரர், இந்த வேலையைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்தார். பெற்றோர் வாங்கிக் கொடுத்த கேமராவை மைக்ராஸ்கோப்போடு பொருத்தி, 1885 ஜனவரி 15-ஆம் தேதி ஒற்றைப் பனித்துகளின் தன் முதல் படத்தை எடுத்தார். கறுப்புப் பலகையில் பிடித்து, மூச்சு பட்டாலே உருகிவிடும் என்பதால் மூச்சை அடக்கிக்கொண்டு, 5,000-க்கும் மேல் எடுத்திருக்கிறார். கேமரா வாங்கிக் கொடுத்த அந்தப் பெற்றோரை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது. மாட்டுப்பண்ணைக்காரர்கள் பாவம், என்ன நினைத்தார்களோ.

ஆனால் பாப்பா, மற்ற படங்களில் பாதிக்கு மேல் வெறும் பனி. வேலி மேல் பனி, கார் மேல் பனி. அவற்றை நார்வேக்காரன் எடுத்தான் என்று சொன்னாலும் நம்பிவிடுவேன். பனி எங்கும் விழும். பென்சகோலாவில் விழுந்ததுதான் சேதி. அதனால் பனியை எடுக்காதே, பனி விழக்கூடாத ஊரை எடு. அந்த வகையில் நல்லவை நாலைந்து இருக்கின்றன. சபால் பனையின் மட்டைகள் பாரம் தாங்காமல் தொங்குவது ஒன்று. பாலத்துக் கட்டையில் கூழைக்கடா தலைமேல் வெள்ளையோடு முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒன்று. கால்சட்டையும் ஜப்பான் சிலிப்பரும் போட்ட பையன் கடலில் மிதக்கும் பலகையில் உட்கார்ந்து பனிமேட்டில் சறுக்குகிறானே, அதைக் கடையில் பெரிதாகப் போட்டு மாட்டப்போகிறேன்.

எல்லாவற்றிலும் எனக்கு நிற்பது அந்தக் கடற்கரைப் படம். உங்கள் மணலே சுத்த வெள்ளை, குவார்ட்ஸ் கல்லின் பொடி. எது மணல், எது பனி என்று முதலில் தெரியவில்லை. உற்றுப் பார்த்தால் காலடி பதிந்த குழிகளில் மட்டும் மணலின் இளமஞ்சள் தெரிகிறது. அலை வந்து போன இடத்தில் பனி கரைந்து, ஒரு கறுத்த ஈரப்பட்டை; அதற்கப்பால் பச்சைக் கடல். யாருடைய காலடி அது, உன்னுடையதா? செருப்புத் தடம் மாதிரி இருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்தால் திட்டுவாள், நான் காட்டவில்லை.

இங்கேயும் இப்போது கித்தா மரங்கள், அதுதான் ரப்பர் மரங்கள், இலை உதிர்க்கும் நேரம். முக்கால்வாசி எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆகிவிட்டது, ஆனாலும் சிறுதோட்டக்காரர்களிடம் கொஞ்சம் மரம் மிச்சம் இருக்கிறது. ஈப்போவிலிருந்து பையன்கள் நல்ல கேமராவோடு வந்து சிவந்த இலையை மட்டும் நெருக்கத்தில் எடுத்துப் போகிறார்கள். கொரியா மாதிரி இருக்கிறதாம். மரத்தில் பால்வெட்டிய கோடு, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணம் இரண்டையும் சேர்த்து எடுங்களேன் தம்பி என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். இலை உதிர்ந்தால் பால் குறையும், பால் குறைந்தால் சம்பளம் குறையும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

ஐபோன் குளிரில் செத்துப்போனதாகச் சொன்னாய். குளிரில் எந்த பேட்டரியும் சோர்ந்துதான் போகும், சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினால் திரும்பி வரும். நான் கொடுத்த நிக்கான் எஃப்எம்2-க்கு அந்தக் கவலை இல்லை. அதில் பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான், ஷட்டர் எல்லா வேகத்திலும் பேட்டரி இல்லாமலே ஓடும். அதிலும் எடுத்தாய் என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஒன்றே ஒன்று, வெளியிலிருந்து ஹீட்டர் வீட்டுக்குள் போகும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிந்துவிடு. ஈரம் பையின்மேல் படியட்டும். கல்யாண மண்டபத்து ஏர்கோனிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் ஈரம் படிந்து மங்கிப்போகுமே, அதேதான், திசைதான் வேறு.

அந்த ரோல் இன்னும் முடியவில்லை என்றாய். பனி இனி எப்போது வருமோ, அதற்காகக் காத்திருக்காதே. லீவு நாளில் கடற்கரைக்குப் போ. பனிக்குச் சொன்ன கணக்கெல்லாம் அந்த மணலுக்கும் அப்படியே செல்லும், கோடாக் அட்டவணையிலும் இரண்டுக்கும் ஒரே வரிதானே. கூட வரும் சிநேகிதியிடம் கேமராவைக் கொடுத்து, உள்ளங்கை அளவு எடுத்து நீயே வைத்துக் கொடுத்து, உன்னை ஒரு படம் எடுக்கச் சொல். அந்தக் கறுப்பு ஜாக்கெட்டையே போட்டுக்கொள்ளச் சொல்கிறாள் அம்மா. வெயிலில் எதற்கு என்று கேட்டேன், பதில் இல்லை. தொப்பி வேண்டாமாம்.

ரோலைத் தீபாவளிக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறேன் என்று வைத்திருக்காதே. விமான நிலையங்களில் பைகளைச் சோதிக்கப் புதிதாக வைத்திருக்கும் சிடி ஸ்கேனர்கள் கழுவாத ஃபிலிமைக் கெடுத்துவிடும். அங்கேயே கழுவக் கொடு. நெகட்டிவைத் திருப்பிக் கேட்டு வாங்கு, சில லேப்காரர்கள் ஸ்கேன் மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பு, அப்போதுதான் சுருங்காமல் வரும். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகிறோம், வியாழக்கிழமைக்குள் அனுப்பினால் அண்ணன் பிரிண்ட் போட்டுவிடுவான்.

அன்புடன்,
அப்பா