நோட்டை மூடி வைத்துப் படியுங்கள்

ஆசிரியருக்கு,

கல்லூரி மாணவர்களின் படிப்புப் பழக்கங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைபேசியைத் தள்ளி வைப்பது, வகுப்புக்குத் தவறாமல் போவது, போதுமான தூக்கம் எல்லாம் சரி. ஆனால் ‘பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள், முக்கிய வரிகளுக்கு அடிக்கோடு போடுங்கள்’ என்ற யோசனையை, கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை. மாணவர்களின் நேரத்தை வீணாக விழுங்குவதே இந்த இரண்டும்தான்.

2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். சிலர் ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை வாசித்துவிட்டு, அதைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை வாசித்தவர்களே முந்தினார்கள்: அவர்களுக்கு நினைவிருந்தது 81 சதவீதம், மற்றவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். வாசித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

நம்மை ஏமாற்றுவது அந்த ஐந்து நிமிடம்தான். மூன்றாவது முறை வாசிக்கும்போது வரிகள் தடையில்லாமல் ஓடும். தெரிந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் தேர்வில் அந்த வரிகள் கண்முன்னே இருக்காதே! (நான்கு நிற மார்க்கரால் பக்கம் முழுக்கப் பூசி வைத்திருப்பவர்களைக் கேட்டால், எது முக்கியமில்லாதது என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாது.)

நான் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான். வகுப்பு முடிந்த அன்றே ஒரு வெற்றுத் தாளை எடுத்து, நோட்டைத் திறக்காமல், நடந்த பாடத்தை எழுதுங்கள். அப்புறம் நோட்டைத் திறந்து, விட்டுப்போனதை வேறு மையில் சேருங்கள். அந்த வேறு மை இருக்கும் இடங்கள்தான் நீங்கள் படிக்க வேண்டியவை. கணக்குப் பாடம் என்றால், தீர்த்துக் காட்டிய கணக்கின் விடையை மறைத்துவிட்டு முதல் வரியிலிருந்து நீங்களே போடுங்கள். அடுத்தவர் போட்டதைப் பின்தொடர முடிவது வேறு, தானாகப் போட முடிவது வேறு.

‘எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை சார், பயமாக இருக்கிறது’ என்பார்கள். வராதது இப்போதே தெரிந்தது நல்லதுதானே? அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் போனால் கேள்வியும் தெளிவாக இருக்கும். ‘ஒன்றுமே புரியவில்லை’ என்று வருகிறவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று எங்களுக்கும் தெரிவதில்லை.

இன்னொன்று, இடைவெளி. தேர்வுக்கு முந்தைய இரவில் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட, அதே ஐந்து மணியை ஐந்து நாளில் பிரித்துப் படித்தால் நெடுநாள் நிற்கும். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். 2013இல் டன்லோஸ்கி என்ற உளவியலாளரும் சகாக்களும் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்தபோது, தன்னையே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மட்டுமே முதல் தரம் பெற்றன. மறுவாசிப்பும் அடிக்கோடும் கடைசித் தரத்தில்தான்.

பழியை மாணவர்கள் மீது மட்டும் போடவும் மாட்டேன். பருவ முடிவில் ஒரே ஒரு பெரிய தேர்வு வைத்தால் கடைசி நேரத்தில்தான் படிப்பார்கள். வகுப்பின் தொடக்கத்தில், போன வாரப் பாடத்திலிருந்து மதிப்பெண் இல்லாமல் மூன்று கேள்வி கேட்க எங்களுக்கு ஐந்து நிமிடம் போதும்.

நீங்களும் ஒன்று செய்யலாம். மாணவர்களுக்கான அடுத்த கட்டுரையின் கீழே நான்கைந்து கேள்விகளை அச்சிடுங்கள். விடைகளை அதற்கடுத்த இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆசிரியர்